நல்ல தண்ணி வாத்தியார்

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. வீட்டு போரிலிருந்து மோட்டார் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய், தனித்தனிக் குடம். புதிதாக வந்த மருமகள் தெரியாமல் உப்புத் தண்ணியில் உலை வைத்துவிட்டால் அந்த வாரம் முழுக்க வீட்டில் அதுதான் பேச்சு. முறை வைத்து விடுகிற தண்ணீர் என்பதால், "எப்ப வீட்டுப் பக்கம் வாரிய?" என்று கேட்டால், "நாளைக்கு நல்ல தண்ணி, நாளன்னைக்கு வாரேன்" என்று சொல்வதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

பணிக்காலம் முழுக்க மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். ஆகவே டீக்கடையில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெஞ்சு மொத்தமும் என் பக்கம் திரும்பும். கலங்கல் ஏன், வாடை ஏன், குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன என்று கேட்பார்கள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொல்வேன். கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில்தான் பதிலை யோசிப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த மரியாதை எப்படிக் கரைந்தது என்பதைத் தெருவில் வேறு யாராவது சொல்வதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது. அவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நான் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம்.

முதலில் மனு. ஒரு கோடையில் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக இருந்தது. காப்பி வாயில் வைக்க முடியவில்லை என்று மனைவி சொன்னாள். நான் உட்கார்ந்து முழுநீளத் தாளில் பக்கம் பக்கமாக ஒரு புகார் எழுதினேன். ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற சொல் அதில் பல இடங்களில் வந்தது. கடைசிப் பத்தியில், பொதுமக்களின் உடல்நலத்தில் அக்கறையில்லாத போக்கு என்று ஒரு போடு போட்டேன். தெருவில் கையெழுத்தும் வாங்கினேன். படித்துப் பார்க்காமல் போட்டார்கள். வாத்தியார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

நாலைந்து நாளில் டேங்க் ஆபரேட்டர் டி.வி.எஸ். 50 வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

"மனு போட்டது நீங்கதானா சார்?"

"ஆமா. வாடை தாங்கல."

அவர் ஒன்றும் சொல்லாமல் தெருக்குழாயில் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் கோடு வரை பிடித்தார். புட்டியிலிருந்து சில சொட்டு விட்டார். தண்ணீர் இளமஞ்சளாக மாறியது. பெட்டியில் ஒட்டியிருந்த நிறப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து, வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார்.

"0.2 இருந்தாப் போதும் சார். அதுக்கு மேலயே இருக்கு. இது கடைசித் தெரு. இங்க நிறம் வருதுன்னா ஊர் முழுக்க மருந்து இருக்குன்னு அர்த்தம். வாடை இல்லன்னாத்தான் சார் நீங்க மனு போடணும்."

அந்த 0.2 எனக்குத் தெரியாததா? ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் கடைசிக் குழாயிலும் மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் கிருமி சேர்ந்தால் அதைக் கொல்ல அந்த மிச்சம்தான் காவல். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஆறு. அதன் மணலுக்குள் கிணறு இறக்கி, மணலே வடிகட்டித் தருகிற ஊற்றை உறிஞ்சி, மேட்டுக்காட்டு ஊர்களுக்கெல்லாம் ஏற்றுகிறார்கள். வழிநெடுக எத்தனை இணைப்பு, எத்தனை வால்வு, எத்தனை சாக்கடைக் குறுக்கீடு! அத்தனையையும் தாண்டி என் வாசல் வரை காவல் வந்திருக்கிறது. வந்த காவல்காரன்மேல்தான் நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

கௌரவத்தை மீட்க, "வீட்டுக்குள்ளயும் பாத்திருங்க" என்றேன். சமையலறைக் குழாயில் பிடித்தார். சொட்டு விட்டார். நிறம் வரவில்லை. குலுக்கினார். அப்போதும் இல்லை.

"பாத்தீங்களா, எங்க வீட்டுத் தண்ணியில மருந்தே இல்ல" என்றேன் பெருமையாக.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சம்ப் எப்ப சார் கழுவுனீங்க?" என்றார்.

"காப்பி சாப்பிடுறீங்களா?" என்றேன்.

ஆபரேட்டரின் அந்தக் கேள்விக்குப் பிறகு பல மாதங்கள் நான் தண்ணீருக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சம்ப்பை, அதாவது வாசலில் புதைந்து கிடக்கிற நல்ல தண்ணித் தொட்டியை, திறப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன்.

மறு மாதமே டை கட்டின ஒரு பையன் வந்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்கிறவன். இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறேன் என்றான். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் பாட்டிலில் கொண்டுவந்தது. பையிலிருந்து நாலு கம்பி நீட்டிய ஒரு கருவியை எடுத்து, இரண்டு டம்ளரிலும் இரண்டிரண்டு கம்பி முங்குகிற மாதிரி வைத்து ஸ்விட்சைப் போட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீரில் முதலில் நூல் நூலாகப் பச்சை இறங்கியது. பிறகு மஞ்சள். பிறகு செங்காவியாகத் திரண்டு, மேலே நுரையும் கீழே கசடுமாக நின்றது. அவன் தண்ணீர் அப்படியே பளிங்கு.

"இதத்தான் சார் தினமும் குடிக்கீங்க."

மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் காசோலைப் புத்தகத்தை எடுத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம், அதே மேசையில், டியூஷனுக்கு வருகிற பிளஸ் டூ பிள்ளைக்கு மின்வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், நேர்மின்வாய் பிளாட்டினமா இல்லாம இரும்பா இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று தொடங்கினேன். "இரும்பு கரையும்மா. கரைஞ்சு, தண்ணியில இருக்கிற ஹைட்ராக்சைடோட சேர்ந்து, முதல்ல பச்சையா, பிறகு காவி நிறத்துல கசடா..." என் குரல் தேய்ந்தது. சுவரில் புது மெஷின் நீல விளக்கை எரியவிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தண்ணீரில் உப்பு இருந்ததால் மின்சாரம் பாய்ந்தது, கம்பி கரைந்தது. அவனுடையதில் உப்பே கிட்டத்தட்ட இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி பிழைத்தது. கசடு முழுக்க அவன் கம்பி. அவன் பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் காவி கட்டியிருக்கும். "என்ன சார், நிறுத்திட்டீங்க?" என்றாள் அந்தப் பிள்ளை. "இது பரீட்சைக்கு வராது, விட்டுரு" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாத்தியார் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

வாங்கியது வாங்கியாயிற்று, இனி அதை நியாயப்படுத்த வேண்டுமே. மெஷினோடு கொசுறாக, கரைந்த உப்பைக் காட்டுகிற ஒரு டி.டி.எஸ். மீட்டர் கொடுத்திருந்தார்கள், பேனா மாதிரி. சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தேன். எங்கள் நல்ல தண்ணி 190 காட்டியது. உப்புத் தண்ணி 1,740. மெஷினிலிருந்து வந்தது 28. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 500க்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷினே கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியை நான்தான் டீக்கடையில் உரக்க வாசித்துக் காட்டியிருந்தேன். இப்போது அதே கடையில் 28 என்ற எண்ணை, பேரன் வாங்கின மார்க்கைப் போலச் சொல்லித் திரிந்தேன்.

அந்த மீட்டரை நான் விடாத இடம் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் தீர்த்தத்தில், ஒருநாள் இளநீரில்கூட விட்டேன். இளநீர் 2,000த்தைத் தாண்டியது. கணக்குப்படி இளநீர் குடிக்கத் தகுதியற்ற பானம். இளநீர்க்காரர், "என்ன சார், சுகர் பாக்கியளா?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பைக் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான். கிருமியை அது அறியாது. காலரா கிருமி லட்சக்கணக்கில் நீந்தினாலும் அந்த எண் அசையாது. இதையும் நான் பிறருக்கு விளக்கியிருக்கிறேன். மீட்டர் என் பையில் இருக்கும்போதே விளக்கியிருக்கிறேன்.

மெஷின் ஒரு லிட்டர் கொடுத்தால் மூன்று லிட்டர் அளவுக்குச் சாக்கடைக்கு அனுப்பியது. மனைவி அந்தக் கழிவுக் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்து வீடு துடைக்கப் பயன்படுத்தினாள். நான் ஊருக்குத் தண்ணீர் சிக்கனம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதிகளை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை தெரியாமல் ஓடியது. ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும் பல இடங்களில் சேதமாகி, ஊர் ஊராகக் குழாய் வறண்டது. ஊரெல்லாம் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. வரிசையில் நின்றபோது யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. குடத்தைத் தள்ளி வைக்கத்தான் சொன்னார்கள். கரண்ட் இல்லாததால் மெஷின் வேலை செய்யவில்லை. கரண்ட் வந்து, குழாயில் கலங்கல் வந்ததும் அதன் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. பழுது பார்க்க அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வாங்கலாம். இப்போது அதன் தலையில் மணி பிளான்ட் இருக்கிறது.

அந்தக் கலங்கல் நாட்களில்தான் தேற்றாங்கொட்டை. என் மாமியார் ராமநாதபுரம் பக்கம். ஊருணித் தண்ணீரில் வளர்ந்தவர். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் சேறெல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும் என்று போனில் சொன்னார். உண்மைதான். கலங்கலைத் திரட்டி அடியில் இறக்குகிற குணம் அந்த விதைக்கு உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து, மண்பானையில் இழைத்தேன். விதையை உரசச் சொன்னால், பானையின் உள்மண்ணும் பெயர்ந்து வருகிற வேகத்தில் உரசியிருக்கிறேன். தண்ணீர் முன்னைவிடச் செம்மண்ணாக நின்றது. அதோடு விட்டேனா? தேற்றாவும் எட்டியும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்ற தகவலை மனைவியிடம் சொன்னேன், சும்மா பொது அறிவுக்காக. எட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் பானையோடு தூக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டாள். லாரித் தண்ணீர் ஒரு குடம் போயிற்று.

பிறகு கொதிக்கவைக்கும் இயக்கம். தெருமுனையில் நின்று எல்லோருக்கும் சொன்னேன்: தளதளவென்று ஒரு நிமிடம் முழுசாகக் கொதித்தால் போதும், கிருமி செத்துவிடும், அரைமணி நேரம் கேஸை வீணாக்க வேண்டாம். இதில் எதுவும் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் கொதித்தது. ஆனால் எனக்குச் சூடு ஆறும்வரை பொறுமை கிடையாது. தாகத்தோடு வந்து, செம்பில் கொதித்த தண்ணீரை ஊற்றி, குழாயைத் திறந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவிக் குடித்துவிட்டுத் திண்ணைக்குப் போவேன். குளிக்கிற வெந்நீருக்கு விளாவிப் பழகின கை. ஒருநாள் எதிர்வீட்டு அண்ணாச்சியின் பேத்தி, ஏழெட்டு வயதிருக்கும், பார்த்துக்கொண்டே நின்றது. "தாத்தா, செத்த கிருமிக்குத் துணைக்கு ஆள் அனுப்புதியளா?" என்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கெடுக்கிறார்களோ.

வயிறு இரண்டு முறை சொன்னது. மூன்றாம் முறை மனைவிக்கும் சொன்னது. அப்போதுதான் தண்ணீரை முறையாகச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சோதித்து, அறிக்கையை வாங்கி, மறுபடி ஒரு மனு போடுவது. குற்றம் குழாயில்தான் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை.

மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினேன். மாதிரித் தண்ணீரைக் குளிர்பான பாட்டிலில் பிடித்திருந்தேன். கழுவியிருந்தேன், சத்தியமாக. கவுன்டரில் இருந்த அம்மா அதை வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்.

"கிருமிச் சோதனைக்கா சார்?"

"ஆமாம்மா."

"எப்பப் புடிச்சீங்க?"

"நேத்து காலையில."

அவர் பொறுமையாகச் சொன்னார். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதை அவர்களே தருவார்கள். அதற்குள் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்கும். தண்ணீரில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வந்தால் முடிவு பொய்யாகிவிடும் என்பதால், அதைப் பிடித்த நொடியிலேயே முறிப்பதற்கு. குழாய் வாயைத் தீயில் வாட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டில் வாயில் கை படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுவர வேண்டும். தயோசல்பேட்! பிளஸ் டூ செய்முறையில் எத்தனை பிள்ளைகளின் கையில் அந்தப் புட்டியைக் கொடுத்து நீலம் மறைகிற வரை சொட்டு எண்ணவைத்திருப்பேன்! "சார் என்ன வேலை பாத்தீங்க?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "வரலாறு" என்றேன்.

திரும்பி வந்து வெட்கத்தோடு ஆபரேட்டரைத் தேடிப் போனேன். அவர் இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகளைக் கொடுத்தார். உள்ளே காய்ந்த மருந்து தோய்த்த காகிதம். 1982இல் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. ஆய்வகமோ ஐஸோ எதுவும் வேண்டாம். கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, ஓரமாக ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவோடு சேர்ந்து வருகிற வகைக் கிருமிகள் இருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும், தண்ணீர் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற விடை.

ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர், மற்றதில் சமையலறைக் குழாய்த் தண்ணீர். சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், சமமான வெப்பநிலை என்பதற்காக. மறுநாள் சாயங்காலம் மனைவி விளக்கேற்றப் போய், "ஏங்க, சாமிகிட்ட மையி வச்சிருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள்.

ஒரு புட்டி அப்படியே இருந்தது. மற்றது தார்.

எது எது என்று நான் சீட்டு ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவியிடம், "தெருக்குழாய்தான் கறுத்திருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தெளிந்திருந்த புட்டியை எடுத்து அடியைக் காட்டினாள். அதில் கண்மையால் ஒரு சின்ன 'தெ' எழுதியிருந்தாள். எப்போது எழுதினாள் என்று கேட்கவில்லை. என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு என் ஆய்வுமுறை தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்ப் திறக்கப்பட்டது.

வாசலில், கோலம் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிமென்ட் பலகை மூடி. அதன் ஒரு மூலை உடைந்து ஓட்டையாகிப் பல வருடம். வாசல் தெளிக்கிற தண்ணீர், மழைத் தண்ணீர், தெருநாய் நின்றுவிட்டுப் போகிற தண்ணீர் எல்லாம் அந்த மூலை வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆள் உள்ளே இறங்குவதற்கு முன் மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, தண்ணீரை இறைத்து, காற்றாட விட்டோம். டார்ச் அடித்தால் சுவரில் வேப்ப வேர் முடிமுடியாகத் தொங்கியது. அடியில் முழங்கை ஆழத்துக்கு வண்டல். நகராட்சி தொட்டியில் போட்ட குளோரின் மைல் கணக்கில் பயணப்பட்டு வந்து, இந்த வண்டலோடு மல்லுக்கட்டியே தீர்ந்து போயிருக்கிறது. ஆபரேட்டர் கேட்ட கேள்விக்கு நான் காப்பி கொடுத்ததன் காரணம் அங்கே கிடந்தது.

வண்டலை அள்ளி அள்ளிப் போட்டார் வேலைக்கு வந்தவர். வீடு கட்டின கொத்தனார் மறந்துவிட்டுப் போன கொத்துக் கரண்டி வந்தது. மகன் ஐந்தாம் வகுப்பில் தொலைத்த டென்னிஸ் பந்து வந்தது. பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளர். அவர் அதைத் தேய்த்துக் கழுவித் திண்ணையில் வைத்தார். வாய் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக மனைவியின் பெயர்.

இந்த இடத்தில் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். அது அவளுக்குச் சீரில் வந்த செட்டில் ஒன்று. காணாமல் போன வருடம் கோயில் கொடைக்கு என் தங்கை வந்து தங்கியிருந்தாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் டம்ளரைக் காணோம். மனைவி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தங்கை வரும்போதெல்லாம் காப்பி கண்ணாடி டம்ளரில்தான் வந்தது. தங்கைக்கும் ஏதோ புரிந்து, வருவதைக் குறைத்துக்கொண்டாள். சம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மொண்டு பார்க்கக் குனிந்தபோது என் கையிலிருந்து நழுவிய டம்ளர் அது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் அவள் வேறு கோபத்தில் இருந்தாள். பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் எப்படி என்று விட்டுவிட்டேன். நாத்தனாரும் மதினியும் முகம் பார்த்துப் பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க" என்றாள். போட்டேன். நான் பேசத் தொடங்குவதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான்.

சம்பைக் கழுவி, மூடி மாற்றி, வேரை வெட்டி, சிமென்ட் பூசியாயிற்று. கடைசியாகப் பிளீச்சிங் பவுடர். இது என் துறை. யாரும் குறுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 5,000 லிட்டர் சம்ப். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 10 கிராம். பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆக ஏறத்தாழ 30 கிராம். கணக்கு சரி. எழுதியதும் சரி. கடையில் வாங்கின அரைக்கிலோ பாக்கெட்டை வெட்டி, தராசு தேட அலுப்புப்பட்டு, கண் மதிப்பில் போட்டபோது, ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடங்கின பிறகு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும் என்பதும் தெரியும். அப்படியே கொட்டினேன். அது அடியில் போய்ப் படிந்தது. மோட்டாரின் உறிஞ்சுகுழாயும் அடியில்தான் இருக்கிறது. மறுநாள் மனைவி ஊறவைத்த மதுரைச் சுங்குடி, அரக்குச் சிவப்பு, திட்டுத் திட்டாகத் தன் நிறத்தைத் துறந்தது. முழுச் சம்பையும் இறைத்துத் தெருவில் விட வேண்டியதாயிற்று. தெருவே நீச்சல் குளம் போல மணந்தது. மருந்து வாடை தாங்கவில்லை என்று யாரோ நகராட்சிக்குப் போன் செய்ய, ஆபரேட்டர் டி.வி.எஸ். 50இல் வந்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார்.

மறு முறை பவுடரை ஒழுங்காக அளந்து, குழைத்து, தெளிவை மட்டும் ஊற்றினேன். புட்டி வைத்துப் பார்த்தோம். கறுக்கவில்லை. சமையலறைக் குழாயில் இளமஞ்சள் வந்தது. குடிக்கிற பானைக்குள் விரலோடு டம்ளரை விடுவதை நிறுத்தி, நீளக்காம்பு அகப்பை ஒன்று வாங்கிப் போட்டாள் மனைவி. எனக்கு அது பிடிபட நாளாகிறது. பானையில் அகப்பை இருக்கும்போதே டம்ளர் எப்படி முங்கியது என்று தினமும் ஒரு விசாரணை நடக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மோட்டார்.

போர் மோட்டார் அல்ல. நகராட்சிக் குழாயிலேயே நேராகப் பூட்டி உறிஞ்சுகிற சின்ன மோட்டார். சட்டப்படி கூடாது. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் உண்டு. என்னுடையது செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னால், பழைய சாக்குக்கு அடியில். "புடிக்க வாராங்க" என்று தெருமுனையிலிருந்து குரல் வந்தால் நிமிடத்தில் கழன்றுவிடும்படி யூனியன் இணைப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

இது எவ்வளவு கெடுதல் என்று என்னைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது. முறை வைத்து விடுகிற ஊரில் மற்ற நாளெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. மண்ணுக்குள் கசிவு இருக்கிற இடங்களில் பக்கத்துச் சாக்கடை ஊறி உள்ளே வருகிறது. அதனால்தான் முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதைக் கொஞ்சம் ஓடவிட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது கசிவு வெளியே போகும், உள்ளே வராது. ஆனால் தெரு முழுக்க மோட்டார் போட்டு உறிஞ்சினால் அழுத்தம் தலைகீழாகிறது. குழாயே சாக்கடையை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற வீட்டுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்கும் சேர்த்து. இதை ஒரு பத்திரிகைக்கு வாசகர் கடிதமாக எழுதினேன், வெளியானது. விடியற்காலையில் மோட்டார் ஓடுகிற நேரத்தில், தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதியது.

சம்ப் சுத்தமான உற்சாகத்தில் இதையும் முடித்துவிடலாம் என்று எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, தெருவுல எல்லாரும் மோட்டாரக் கழத்திட்டா தண்ணி தானா எல்லா வீட்டுக்கும் ஏறும். நம்ம ரெண்டு பேரும் ஆரம்பிச்சு வைப்பமா?"

"நல்ல காரியம் சார். தாராளமா செய்யலாம்."

"அப்ப நாளைக்கே கழத்திருவமா?"

"நீங்க கழத்துங்க சார். தண்ணி ஏறுதான்னு பாத்துட்டு நானும் கழத்துதேன்."

"இல்ல, நீங்க பெரியவங்க. நீங்க ஆரம்பிச்சா தெருவே கேக்கும்."

"படிச்சவங்க நீங்க இருக்கும்போது நான் முந்தலாமா?"

மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொண்டே இருட்டிவிட்டது. அன்றைக்கு ராத்திரி தண்ணி முறை. இரண்டு வீட்டிலும் சீக்கிரம் விளக்கை அணைத்துவிட்டோம். நான் மூன்றரைக்கு அலாரம் வைத்தேன். அண்ணாச்சி மூன்றேகாலுக்கு வைத்திருப்பார் என்று சொல்லி, மனைவி அதை மூன்றாக மாற்றினாள்.